பத்து மாத அட்வான்ஸ்

சென்னை நங்கநல்லூர் சிங்கிள் பெட்ரூம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெருங்களத்தூருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு பெட்ரூம். ஏழு மாதம் அலைந்து கிடைத்த வீடு. அந்த ஏழு மாதத்தில் மனதில் சேர்ந்ததை எழுதிவிடுகிறேன்.

அத்தை ஊரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் வந்தபோது வீட்டில் ஐந்து பேர் ஆனோம். பெட்ரூம் அத்தைக்கு. மற்ற நால்வரும் ஹாலில். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத்தான் உட்கார இடமில்லை. இரவு பாத்திரம் கழுவி முடித்து, சமையலறைத் தரையைத் துடைத்துப் பாய் போட்டுக் கொடுப்பேன். சிலிண்டரில் சாய்ந்துகொண்டு கணக்குப் போடுவாள். அவள் நோட்டில் முக்கோணவியல் வரும் பக்கங்களில் எல்லாம் எண்ணெய்க் கறை. அதைப் பார்த்த அன்றுதான் வேறு வீடு பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அதே ஏரியாவில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 20,000க்குக் கீழே யாரும் பேசவில்லை. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 11,000. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் 14,000 வரை முடியும் என்று தெரிந்தது. அதனால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே தெற்கே போனோம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடினோம்.

வீடு பார்க்கப் போகும்போது பையில் அளவு டேப் வைத்திருந்தேன். 'டூ பெட்ரூம்' என்று சொல்லிக் காட்டிய ஒரு வீட்டில் இரண்டாவது அறை ஆறுக்கு ஏழு அடி. கட்டில் போட்டால் கதவு திறக்காது. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு புது அடுக்குமாடி விற்பவர்கள் சுவருக்கு உள்ளே இருக்கும் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியே ஆக வேண்டும். வாடகை வீட்டில் அதெல்லாம் கிடையாது. மாடிப்படி, பொதுவழி எல்லாம் சேர்த்து 900 சதுர அடி என்பார்கள். அதனால் நாமேதான் அளந்து பார்க்க வேண்டும்.

முடிச்சூர் பக்கம் ஒரு வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வாடகையும் குறைவு. அந்தத் தெரு மளிகைக் கடை அக்காவிடம், 2015 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கல்லா மேஜையின் மேல்விளிம்பில் கையை வைத்துக் காட்டினார். நடக்கவே கஷ்டப்படும் அத்தையைத் தரைத்தளத்தில் வைத்துக்கொண்டு அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டோம். வீடு பார்க்கும்போது கரண்ட் மீட்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். ஹவுஸ் ஓனர் இணைப்பிலிருந்தே பிரித்துக் கொடுக்கும் சப் மீட்டர் என்றால் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, ஒன்பது ரூபாய் கேட்கிறார்கள்.

சரி, இதெல்லாம் அலைச்சல், பொறுத்துக்கொள்ளலாம். எங்களை உண்மையில் கட்டிப்போட்டது அட்வான்ஸ்.

இப்போது இருக்கும் வீட்டுக்கு வாடகை 14,000. முதலில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். பேசிப் பேசி ஒரு லட்சத்துக்கு வந்தது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, சாமான் ஏற்றிய வண்டிக்கு 6,000. ஆக மொத்தம் 1,34,000 ரூபாய், ஒரே வாரத்தில். மாதம் 3,000 கூடுதலாகக் கொடுக்க எங்களால் முடியும். ஒரு வாரத்தில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் எங்கிருந்து வரும்?

பழைய வீட்டில் எங்கள் பணம் 85,000 இருந்தது. 2017இல் கொடுத்தது. ஒரு பைசா வட்டி இல்லாமல் இத்தனை வருடம் அவர்களிடமே இருந்தது. ஆனால் அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் திருப்பித் தர முடியும் என்கிறார்கள். அதிலும் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களாம். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுத்தான் வந்தேன். வேறு வழியில்லாமல் என் வளையல் இரண்டையும் செயினையும் அடகு வைத்தோம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்றும் சொல்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் உச்சவரம்பு. வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது விதியாவது இங்கே கட்டாயம் ஆகியிருந்தால் என் நகை இன்று பீரோவில் இருந்திருக்கும்.

ஹவுஸ் ஓனர்களுக்கும் பயம் உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு மூன்று மாதப் பணம் போதும். பத்து மாதம் எதற்கு? அந்தப் பணம் கையில் இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் எப்போதோ இன்னொரு அறை உள்ள வீட்டுக்குப் போயிருக்கும். வாடகை கொடுக்கத் தெம்பிருந்தும் ஒற்றை அறையில் முடங்கிக் கிடக்கிறவர்களை எங்கள் பழைய தெருவிலேயே நான்கு வீடுகளில் எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். காலி செய்கிறவர்கள் சாவியைக் கொடுக்கும்போதே அவர்கள் பணத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது.