அனபெத்தும் எங்கள் ஊர் இராவணனும்

'பெர்சி ஜாக்சன்' நாவல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரில் முக்கியப் பாத்திரமான அனபெத்தாகக் கறுப்பினச் சிறுமி லியா ஜெஃப்ரிஸை எடுத்ததற்கு எழுந்த எதிர்ப்பைப் பற்றி வாசித்தேன். நாவலில் அனபெத் பொன்னிற முடிக்காரி, சரி. 2010 படத்தில் வந்தவளுக்கும் முடி கருமைதானே? அப்போதும் முணுமுணுத்தார்கள். ஆனால் 2022இல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோல் நிறத்தைப் பிடித்துத் திட்டினார்கள். நாவலாசிரியர் ரிக் ரியோர்டனே அவளுக்காக எழுத வேண்டி வந்தது.

எங்கள் திருகோணமலையில் இராவணன் என்றால் சும்மா ஆளில்லை. கோணேசர் மலையில் அவர் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவையே காட்டுவோம். ஒருமுறை ஊர்க் கூத்தில் அந்த வேஷம் ஈர்க்குப் போல ஒரு பொடியனுக்குப் போனது. மாமா, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடு சண்டைக்கே போய்விட்டார். "குரலைக் கேட்டுட்டுக் கதையுங்கோ" என்றார் அண்ணாவியார். பொடியன் வரவுப் பாட்டை எடுத்ததும் மாமா பாயோடு முன்னுக்கு நகர்ந்தார்.