கபாலியை ரசிகன் கவிழ்க்கவில்லை

'கனமான கதை சொன்னால் நம்ம ஜனங்களுக்குப் பொறுமை இல்லை' என்று சினிமா பற்றிய ஒரு கட்டுரையில், ரஜினியின் கபாலி படத்தைக் கட்டுரையாளர் உதாரணம் காட்டியிருக்கிறார். ஒப்புக்கொள்ள முடியவில்லை சார். 2016 ஜூலையில் அந்தப் படத்தை எப்படி விற்றார்கள் என்பதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறார்.

ஏர் ஏசியா விமானத்திலேயே ரஜினி படத்தை வரைந்து பறக்கவிட்டார்கள். வெள்ளிக்காசு கூட விற்றார்கள்! டீசரில் கோட்டு சூட்டு, கால்மேல் கால், 'கபாலிடா'. இதையெல்லாம் பார்த்தவன் இன்னொரு பாட்ஷாவைத்தானே எதிர்பார்ப்பான்?

இயக்குநர் ரஞ்சித் எடுத்திருந்ததோ வேறு படம். சிறையிலிருந்து வெளியே வரும் வயதான மனிதர், மலேசியத் தோட்டத் தமிழர்களின் பாடு, செத்துவிட்டாள் என்று நினைத்த மனைவியைத் தேடிப் போவது. மாயநதி பாட்டில் ரஜினியும் ராதிகா ஆப்தேவும் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உச்சமே அதுதான். முதல் நாள் கூட்டம் அந்த நேரத்தில் 'சண்டை எப்போ வரும்'னு நெளிந்துகொண்டிருந்தது. விசிலடிக்க வந்தவனைக் கண் கலங்கச் சொன்னால் எப்படி?

அமெரிக்காவில் ட்ரைவ் படத்தின் டிரைலரை நம்பி, கார் துரத்தல் படம் என்று போன ஒரு பெண் 2011-இல் வழக்கே போட்டார். நம்ம ஆட்கள் மீம் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து டிவியில் அதே படத்தைப் பார்த்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! படம் மாறவில்லையே. கட்டுரையாளர் இதற்கு என்ன சொல்வார்?