கேட் சேஸ்: விருந்து மேசைக்கு அப்பால்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வாஷிங்டனில் விருந்துகளுக்குப் பெயர்பெற்ற கேட் சேஸ் ஸ்பிரேக் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதிபர் ஆபிரகாம் லிங்கனே நேரில் வந்திருந்த அவருடைய 1863 நவம்பர் திருமணத்தையும் நகைகளையும் விரித்துரைத்த அளவுக்கு அவருடைய அரசியல் உழைப்பைச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை. ரோட் ஐலண்ட் செனட்டர் வில்லியம் ஸ்பிரேகின் மனைவியான பிறகும் அவர் பாடுபட்டது, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த தந்தை சால்மன் சேஸை அதிபராக்கத்தான். 1868இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது, பெண் என்பதால் உள்ளே பிரதிநிதியாக அமர முடியாத அவர், விடுதியில் தங்கியபடியே தந்தைக்கு ஆதரவு திரட்டினார். வேட்பாளரானவரோ நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஹொரேஷியோ சீமோர். 1873 பொருளாதார நெருக்கடியில் கணவரின் ஆலைச் செல்வம் கரைந்தது, 1882இல் மணமுறிவு. தலைநகரமே அழைப்புக்குக் காத்திருந்த விருந்துகளை நடத்தியவர், கடைசிக் காலத்தில் வாஷிங்டனின் எட்ஜ்வுட் இல்லத்தில் கோழி வளர்த்து, முட்டையும் பாலும் வீடு வீடாக விற்றார்.