பசி மாத்திரைக்கு ஒரு கடைசித் தேதி

போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்தார். "அப்பாவுக்கு வாங்கின பசி மாத்திரை மிச்சம் இருந்தா குடு தம்பி, அத்தை ஒரு மாசமா சரியாவே சாப்பிட மாட்டேங்கறாங்க" என்றார். அத்தை என்றால் அவருடைய மாமியார், எண்பதைத் தாண்டியவர். மிச்சம் இருந்தது. அப்பாவின் மருந்து டப்பாவுக்குள் பாதி கிழிந்த அட்டைகளில் 11 மாத்திரை. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. "இருக்கு, ஆனா தர மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசலில் நின்றபடி விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். அக்கா இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் மெஜஸ்ட்ரால் அசிடேட். எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை. பசி மாத்திரை, அவ்வளவுதான். ஏதோ பி காம்ப்ளெக்ஸ், ஏதோ டானிக் என்கிற மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில் அது ஒரு ஹார்மோன் மருந்து. புரோஜெஸ்டிரோன் என்கிற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்வதற்காக ஆய்வகத்தில் செய்தது. அமெரிக்காவில் 1971இல் இதற்கு அனுமதி கிடைத்தது மார்பகப் புற்றுக்காக. சாப்பிட்ட பெண்களுக்குப் பசியும் எடையும் கூடுவதைப் பார்த்துவிட்டுத்தான், பக்க விளைவையே பயனாக்கலாமே என்று யோசித்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் எலும்பும் தோலுமாகக் கரைந்துகொண்டிருந்த காலம் அது. 1993இல் அவர்களுக்காக இதன் திரவ மருந்துக்கு அனுமதி வந்தது. புற்று நோயாளிகளின் பசிக்கும் இன்று மருத்துவர்கள் எழுதுகிறார்கள்.

அப்பாவுக்கு நுரையீரலில் புற்று. கண்டுபிடித்தபோது 64 கிலோ இருந்தவர், மூன்றாவது கீமோ முடிந்தபோது 51. சட்டையின் மேல் பட்டனைப் போட்டாலும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், கை வாய்க்குப் போகாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரே ஒரு வாய்ங்க" என்பார். அவரும் வாங்கிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பியதும் வாஷ்பேசினில் துப்பிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதில்லை.

டாக்டர் மேடம் 160 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, 30 நாளைக்கு எழுதினார். "ஒரு மாசம் பார்ப்போம். அப்புறம் கட்டாயம் வந்து காட்டுங்க, இது தொடர்ந்து போடுற மாத்திரை இல்ல" என்று சொல்லியும் அனுப்பினார். பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, அப்பா வாயைத் திறந்து, "கத்திரிக்காய் புளிக்குழம்பு வைக்கிறியா?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே புளி கரைத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை, இப்போதும் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவறு அதற்கப்புறம். 30 நாள் முடிந்ததும் நாங்கள் மேடத்தைப் பார்க்கப் போகவில்லை. கீமோவுக்கு இடைவெளி விட்டிருந்த நேரம், அதனால் போகாமல் இருக்க ஒரு சாக்கும் கிடைத்தது. நிஜமான காரணம் வேறு. போனால் நிறுத்திவிடுவாரோ என்ற பயம். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட மருந்து அது, மருத்துவர் எழுதாமல் விற்கக்கூடாது என்று அர்த்தம். சீட்டின் தேதியை யாரும் பார்க்கவில்லை. "எத்தனை அட்டைண்ணே?" என்ற ஒரே கேள்விதான். கடைக்காரத் தம்பியைக் குறை சொல்லி என்ன செய்ய, கேட்டு வாங்கியவன் நான். இப்படியே நாலு மாதம் ஓடியது.

எடை 55க்கு வந்தது. காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தோம். ஆனால் அந்த நாலு கிலோ எங்கே போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. முகம் உப்பியது, வயிறு கொஞ்சம் வந்தது. தோளும் தொடையும் அப்படியே குச்சியாக இருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முன்பு போலவே கை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த மருந்தில் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான். தசை திரும்பி வருவதில்லை. புற்று இருக்கிற உடம்பு உள்ளுக்குள் அழற்சியில் வெந்துகொண்டே தன் தசையைத் தானே கரைக்கும். அதைச் சோறு மட்டும் நிறுத்தாது, சோறு இறங்க வைக்கிற மாத்திரையும் நிறுத்தாது.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கூப்பிட்டார். இடது கெண்டைக்கால் பளபளவென்று இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. அம்மா தையல் மிஷின் டப்பாவிலிருந்து அளவு டேப்பை எடுத்து வந்தார். வலது கால் 31 சென்டிமீட்டர், இடது கால் 36. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒற்றைக் கால் மட்டும் திடீரென்று வீங்கினால் விடிகிற வரை காத்திருக்கக்கூடாது. இது எனக்கு அன்று தெரியாது, அம்மா பிடிவாதமாகக் கிளம்பினார்.

பக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில், காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி. அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும் என்றார்கள். சர்க்கரை 312, அதுவரை சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. புற்று வந்தாலே ரத்தம் உறையும் தன்மை கூடிவிடும், மேலே இந்த மாத்திரை, அதற்கும் மேலே நாள் முழுக்கப் படுத்தே கிடந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டர். நியாயமான பேச்சு. அப்புறம் கேட்டார், "இந்த மாத்திரை எவ்வளவு நாளா போடுறார்?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சீட்டில் 30 நாள் என்று இருந்தது. அதைத் தாண்டி நாலு மாதம் கொடுத்ததை அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கம். மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி எழுதினார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த இரண்டாம் நாள் அப்பா குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். வாந்தி, எழுந்து நின்றாலே தலை சுற்றல், ரத்த அழுத்தம் 80க்கு 50. திரும்பவும் ஆம்புலன்ஸ்.

இந்த முறை எங்கள் டாக்டர் மேடத்திடமே போனோம், உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து அதன் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை வரைந்தார். அட்ரீனல் சுரப்பி. உடம்புக்கு ஒரு நெருக்கடி என்றால் தாங்கிப் பிடிக்கிற கார்ட்டிசால் அங்கேதான் சுரக்கிறது. மெஜஸ்ட்ராலுக்கு ஓரளவு ஸ்டீராய்டு குணமும் உண்டு. அது வாரக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், வெளியாள் வேலையைப் பார்த்துக்கொள்கிறான் என்று சுரப்பி காலை நீட்டிப் படுத்துவிடுகிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் எழுந்து வர அதற்கு நாளாகும். அந்த இடைவெளியில்தான் அப்பா விழுந்தார். "நாலு மாசம்னு சொல்லியிருந்தா, இதை எதிர்பார்த்து மாத்து மருந்து கொடுத்து நிறுத்தியிருப்பாங்க" என்றார் மேடம். கார்ட்டிசால் பார்த்தார்கள், ரொம்பவே குறைவாக இருந்தது. குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த மாத்திரையை யார் வீட்டில் எழுதிக்கொடுத்தாலும், முதல் மாத்திரையைப் பிரிக்கும் முன்பே இது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு, காலண்டரில் எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் திரும்பப் போய் நில்லுங்கள். பசி வந்திருந்தாலும் போங்கள். வராவிட்டால் இன்னும் முன்னாடியே போங்கள், வேலை செய்யாத மருந்தின் ஆபத்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள். நடுவில் பல் பிடுங்குவதென்றாலும், ஆபரேஷன் என்றாலும், கடுமையான காய்ச்சல் என்றாலும் இந்த மாத்திரை போகிறது என்று அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது ரத்தக் கட்டி வந்திருந்தால், சர்க்கரை இருந்தால், கர்ப்பமாக இருந்தால் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் கால் வீக்கம், திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி வந்தால் நேரே அவசரப் பிரிவு.

பலன் எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மருந்தைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்கிற ஆய்வாளர் அமைப்பின் தொகுப்பு 2013இல் வந்தது. நாலு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பசி கூடுகிறது. எடை கூடுவது பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு. ரத்தக் கட்டியும் வீக்கமும் மரணமும் மருந்து சாப்பிட்டவர்களிடம் அதிகம். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, பியர்ஸ் பட்டியல் என்பார்கள். அதில் மெஜஸ்ட்ரால் இருக்கிறது. அக்கா, எண்பது வயது அத்தைக்கு நான் ஏன் தரவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

விஷம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் புளிக்குழம்பு நிஜம். திரும்பவும் அதே நிலை வந்து, மேடம் ஒரு மாதத்துக்கு எழுதினால் வாங்கிக் கொடுப்பேன். ஒரு மாதத்துக்கு.

இன்னொரு கூத்து. நியூஜெர்ஸியில் இருக்கிற சித்தப்பா பையன், "இங்க இதே மருந்து சிரப்பா கிடைக்கும், வரும்போது கொண்டு வரேன்ணா" என்றான். நல்லவேளை, நான் வேண்டாம் என்றேன். அங்கே இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 மில்லிகிராம், இன்னொன்றில் ஒரு மில்லிக்கு 125. முதலாவதை ஒரு நாளைக்கு 20 மில்லி கொடுப்பார்கள், 800 மில்லிகிராம். இரண்டாவது 5 மில்லிதான். பாட்டில் மாறி அதே 20 மில்லியை ஊற்றினால் 2,500 மில்லிகிராம் உள்ளே போகும். சாப்பாட்டுக் கரண்டியில் அளக்கிற நம் வீடுகளில் இது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பசியே இல்லாதவரை என்னதான் செய்வது? மேடம் இரண்டாவது முறை எங்களைக் கேட்ட முதல் கேள்வி, "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" ஆறு நாள். வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை மலத்தைக் கட்டிவிட்டிருந்தது. வயிறு அடைத்துக் கிடந்தால் யாருக்குப் பசிக்கும்? அப்புறம் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை, பூஞ்சைத் தொற்று. இரண்டுக்கும் மருந்து கொடுத்த பிறகு அப்பா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். முதல் தடவையே யாராவது இதைப் பார்த்திருந்தால் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. கீமோவில் வாய் இரும்புச் சுவையாகிப் போவது, குமட்டல், வலி, மனச் சோர்வு, எல்லாமே பசியைக் கொல்லும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி இருக்கிறது.

மாற்று மருந்தும் வந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மரில், வயிறு, கல்லீரல், பித்தப்பை, கணையம், நுரையீரல் புற்று வந்த 124 பேரை வைத்து ஓலான்ஸபின் என்கிற மருந்தை 2.5 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9. 2023இல் வெளியானது, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டுதலிலேயே சேர்த்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். அது மனநல மருந்து, தூக்கத்தையும் சர்க்கரையையும் கூட்டும். மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் "சாப்பிட்டீங்களா"தான் எல்லாவற்றுக்கும் முதல் வார்த்தை. அதனால்தான் ஒருவர் சாப்பிடவில்லை என்றால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. அப்பாவை விட நாங்கள்தான் அந்த மாத்திரைக்கு அடிமையாக இருந்தோம். ஒரு நாள் அவரே சொன்னார், "எனக்குப் பசியில்லைன்னு கஷ்டம் இல்லடா, நீங்க எல்லாரும் என் தட்டையே பாக்குறீங்க பாரு, அதுதான் கஷ்டம்." அதற்குப் பிறகு அம்மா அவர் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். இரவு பதினோரு மணிக்குக் குழிப்பணியாரம் கேட்டால் சுட்டுக் கொடுப்பார், ஒன்றரை சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றால் எடுத்துவிடுவார். அப்பா போன ஆவணியில் போய்ச் சேர்ந்தார். நோயால்தான், மாத்திரையால் இல்லை.

அந்த 11 மாத்திரையையும் நேற்று அட்டையிலிருந்து பிரித்து, காபித் தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்து, அத்தைக்குப் பல்செட் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் கேட்டேன். கீழ் செட் ஆறு மாதமாகக் கழன்று ஆடுகிறதாம், ஈறு புண்ணாகிவிட்டதாம். "அதுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார், அப்புறம் அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். திங்கட்கிழமை பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.