கென் டிரைடனைப் பாதியில விட்டுட்டீங்க
உங்க கட்டுரைல கனடா ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கென் டிரைடனோட 6 ஸ்டான்லி கப் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கோட சாம்பியன் கோப்பை) பத்தி அவ்ளோ எழுதிட்டு, கிளவுஸைக் கழட்டினதுக்கு அப்புறம் வந்த வாழ்க்கையை ரெண்டே வரில முடிச்சிட்டீங்களே சார், அதான் சுவாரஸ்யமே. 1973-74ல அவர் ஆடின மான்ட்ரியல் டீமோட சம்பளத் தகராறு, சரி போங்கடான்னு சீசன் முழுக்க ஐஸ் ஹாக்கி ஆடாம டொராண்டோவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஜூனியரா உக்காந்துட்டாரு, உச்சத்துல இருக்கற கோல்கீப்பர் எவனாவது இப்படிப் பண்ணுவானா? அந்த வருஷம் டீமுக்குக் கப்பும் போச்சு. திரும்பி வந்து நாலு கப் ஜெயிச்சு 1979ல 31 வயசுலயே ரிடையர். அப்புறம் எழுத்தாளர், பரம எதிரி டீம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கே பிரசிடென்ட் (மான்ட்ரியல்காரன் வயிறு எரிஞ்சிருக்கும்), 2004ல கனடா எம்.பி, உடனே மந்திரி. குழந்தைகள் காப்பகத் (டே கேர்) திட்டத்துக்கு நாட்டோட 10 மாகாணத்தையும் ஒத்துக்க வச்சாரு பாருங்க, அது கப் ஜெயிக்கறத விடக் கஷ்டம். 2006ல ஆட்சி மாறினதும் புதுப் பிரதமர் ஹார்ப்பரோட அரசு அதைத் தூக்கிப் போட்டுருச்சு. 2025 செப்டம்பர்ல டிரைடன் இறந்தப்போ எல்லாரும் அவரு ஹாக்கி ஸ்டிக் மேல சாஞ்சு நிக்கற போட்டோவைத்தான் போட்டாங்க, காப்பகத்தைப் பத்தி எத்தனை பேர் பேசினாங்க?