காய்ச்சல் விட்ட நாள்

2017 அக்டோபர். ஒரே வாரத்தில் எங்கள் பக்கம் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு. ஒன்று என் மகள். இன்னொருவன், பின்தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவின் பையன்.

மகளை இரண்டாம் நாளே தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். காலையும் மாலையும் ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் இறங்குகிறது என்றதும் பதறிப்போய், ரத்தக்கசிவு ஏதும் இல்லாதபோதே ஏற்றச் சொல்லி நாங்களே கெஞ்சினோம். அது தேவையே இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அக்கா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. பையனுக்கு கிளினிக்கில் ஊசி, வீட்டில் நிலவேம்புக் குடிநீர். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகக் கிளம்பிவிட்டார்.

டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, பிரஷர் இறங்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால். சாயங்காலம் அக்கா திரும்பியபோது பையன் சுருண்டு கிடந்தான். என் தம்பிதான் ஆட்டோவில் ஜி.ஹெச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த நெரிசலிலும் விடிய விடிய பக்கத்தில் நின்று பிழைக்கவைத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பையனைக் காப்பாற்றியது சலைன். டெங்கு வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாது, பணக்காரருக்கும் கிடையாது. நேரத்தோடு அளவு பார்த்து சலைன் ஏற்றி, பிரஷரை விடாமல் கவனிக்க ஆள் இருந்தால், தீவிர டெங்குவில்கூட நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் இறப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வருடம் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படியே 65 பேர் போனார்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அந்தத் தெருவுக்கு வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். டிரம்மில் பிடித்துவைக்காமல் என்ன செய்வார்கள்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். டிரம்மில் கொசுப்புழு இருந்ததென்று அந்தத் தெருக்காரர்களுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள் அதிகாரிகள்.

"அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாதும்மா" என்று அக்கா இன்னும் சொல்கிறார். அவர்மேல் என்ன தப்பு?

டிரம்மைத் திறந்து பார்க்க வீடு வீடாக ஆள் அனுப்ப முடிகிறதல்லவா? காய்ச்சல் கண்ட பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் ரத்தம் எடுக்க ஆள் அனுப்புங்கள். பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு அந்த இரண்டு நாள் கூலியையும் கொடுங்கள்.