பெடல் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்

பிக்கப் வண்டியில் கிளட்ச் பெடல் அசெம்பிளியை (பெடலும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும்) மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மாற்றத்தான் கியர்பாக்ஸ் இறங்கும். பெடல் அசெம்பிளி டேஷ்போர்டுக்குக் கீழே, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில்) போல்ட் போட்டு நிற்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச் (ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்குவது) என்றால், அந்த அழுத்தத்தைத் தரும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடை (தள்ளும் கம்பியை) பெடலிலிருந்து கழற்றி, ஸ்விட்ச் கனெக்டரை எடுத்துவிட்டு, போல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும். தலைகீழாகப் படுத்துக்கொண்டு செய்வதுதான் கொடுமை! ஹைட்ராலிக் லைனைத் திறக்காதவரை லைனுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வேலையும் இல்லை. சில வண்டிகளில் பிரேக் பெடலும் அதே பிராக்கெட்டில் இருக்கும். அப்போது பிரேக் பூஸ்டர் ராடையும் கழற்ற வேண்டிவரும், வேலை கூடும். மாட்டியபின் பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் லேசாக அசையும் தூரம்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், பெடல் தரையோடு அமுங்கிப்போனால் அசெம்பிளி வாங்குமுன் ஃப்ளூயிட் கசிகிறதா என்று பாருங்கள்.